அழித்தாயிற்று என்று சொல்வது

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. எங்கள் சேவையைப் பயன்படுத்திவந்த ஒரு வாடிக்கையாளர் விலகிக்கொண்டிருந்தார். அவருடைய தரவுகளை எல்லாம் அழித்துவிட்டு, அழித்துவிட்டோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் அப்படி. அழிக்கும் கட்டளையைக் கொடுத்து இரண்டு மணி நேரம் ஆகியும் திரையில் ‘டெர்மினேட்டிங்’ என்றே நின்றது. முடிந்துகொண்டிருக்கிறது, ஆனால் முடியவில்லை.

“அண்ணா, ஃபைனலைசர்தான் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதை எடுத்துட்டா போயிடும். நெட்ல எல்லாரும் அதைத்தான் பண்ணச் சொல்றாங்க” என்றாள் கூட வேலை பார்த்த பெண்.

“எடுத்துடும்மா. வீட்டுக்குப் போக வேணாமா?” என்றேன்.

எடுத்தாள். நொடியில் மறைந்தது. தேடிப் பார்த்தோம். அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. திங்கட்கிழமை காலை வாடிக்கையாளருக்கு எழுதினேன்: உங்கள் தரவுகள் முழுமையாக அழிக்கப்பட்டுவிட்டன.

அது உண்மையில்லை. மூன்று மாதம் கழித்து கிளவுட் வாடகை பில்லை வரி வரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. யார் கணக்கிலும் சேராத நான்கு டிஸ்குகளுக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது. இரண்டில் அந்த வாடிக்கையாளரின் தரவு அப்படியே இருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் பணம் வீண், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் பொய் சொன்னேனா?

*

இதற்குப் பதில் தேடுவதற்கு முன், கணினியில் அழிப்பது என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு பட்டன். உள்ளே இருப்பவர்களுக்கு அது ஒரு பஞ்சாயத்து.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பை அழிக்கும் அழைப்பின் பெயர் ‘டெலீட்’ இல்லை, ‘அன்லிங்க்’. 1971-இல் வந்த முதல் கையேட்டிலேயே அந்தப் பெயர்தான். இணைப்பை அவிழ்ப்பது என்று பொருள். கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. பெயர் என்பது கோப்பைச் சுட்டும் ஒரு கயிறு. நீங்கள் அவிழ்ப்பது அந்தக் கயிற்றை மட்டும். வேறு பெயர்கள் அதைச் சுட்டிக்கொண்டிருந்தால் கோப்பு இருக்கும். ஒரு பெயரும் இல்லாவிட்டாலும், ஏதோ ஒரு நிரல் அதைத் திறந்து படித்துக்கொண்டிருந்தால் அப்போதும் இருக்கும். கடைசி நிரல் கையை எடுத்த பிறகுதான் இடம் விடுபடும். சர்வர் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்: டிஸ்க் நிரம்பிவிட்டது என்று பெரிய லாக் கோப்பை அழித்திருப்பார்கள், இடம் ஒரு துளியும் கூடியிருக்காது. கோப்புகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கணக்கு, டிஸ்க்கைக் கேட்டால் வேறு கணக்கு. எங்கோ ஒரு நிரல் பெயரில்லாத அந்தக் கோப்பில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்.

எனக்கு இதில் பிடித்தது அதன் பணிவு. “நீ சொன்னதால் அது இல்லாமல் போகாது. நீ உன் கையை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் உன் அதிகாரம்” என்கிறது அந்தப் பெயர்.

இந்தப் பணிவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். சி, சி++ மொழிகளில் நினைவகத்தை விடுவிப்பது எழுதுபவர் பொறுப்பு. ஒரு பகுதி முடிந்தது என்று விடுவித்துவிடும். அந்த முகவரியை வைத்திருக்கும் இன்னொரு பகுதிக்கு அது தெரியாது. பழைய வீட்டுச் சாவியோடு வந்து கதவைத் திறக்கும், உள்ளே வேறு யாரோ குடியிருப்பார்கள். திருடர்களுக்கு இதைவிட வசதியான கதவு கிடையாது. குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியம் திட்டத்தினர் 2020-இல் தங்கள் கணக்கைச் சொன்னார்கள்: தீவிரமான பாதுகாப்புக் குறைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் நினைவகத்தைக் கையாள்வதில் வந்த பிழைகள், அதில் பாதி இப்படி விடுவித்த பின் பயன்படுத்துவதால் வந்தவை. உலகத்தின் தேர்ந்த நிரலாளர்கள் எழுதிய நிரல் அது. அவர்கள் யாரும் அலட்சியமானவர்கள் இல்லை. ‘முடிந்தது’ என்று ஒருவர் தனியாக முடிவெடுக்க முடிந்ததுதான் சிக்கல்.

*

பாதுகாப்பாக அழிக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் பல. லினக்ஸ் கெர்னலில் 2002-இல் சேர்ந்த ஆர்சியூ என்ற முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு பட்டியலிலிருந்து ஒன்றை நீக்க வேண்டும், அதே நேரத்தில் பலர் அந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் பட்டியலிலிருந்து அதைக் கழற்றிவிட வேண்டும். இனி புதிதாக வருபவர் கண்ணில் அது படாது. ஆனால் ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் கையில் அது இருக்கலாம். அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வேலையை முடித்து வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக்கு வைத்த பெயர் ‘கிரேஸ் பீரியட்’. அதன் பிறகுதான் விடுவிக்கலாம். கல்யாண மண்டபத்தில் நுழைவாயிலை மூடிவிட்டு, பந்தியில் உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை விளக்கை அணைக்காமல் இருப்பதைப் போல. இலையைப் பாதியில் எடுப்பதில்லை.

எங்கள் கதையில் வந்த ஃபைனலைசர் இதே ஒழுங்கின் பெரிய வடிவம். குபர்நெட்டிஸ் என்பது ஆயிரக்கணக்கான கணினிகளில் ஓடும் நிரல்களை மேய்க்கும் அமைப்பு. 2014-இல் கூகுள் பொதுவில் வெளியிட்டது. அதில் ஒரு பொருளை அழிக்கச் சொன்னால் உடனே அழியாது. அதன்மேல் ஒரு தேதி முத்திரை குத்தப்படும். அந்தப் பொருளோடு ஒரு சிறு பட்டியலும் இருக்கும்: இது போவதற்கு முன் யார் யாருக்கு என்னென்ன வேலை பாக்கி. டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் ஒருவர், பெயர்ப் பதிவை நீக்க வேண்டியவர் இன்னொருவர். இந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு ஃபைனலைசர். அவரவர் தன் வேலையை முடித்து தன் வரியைத் தானே அடிக்க வேண்டும். பட்டியல் காலியானால் பொருள் போய்விடும்.

இதன் விதிகளில் இரண்டு எனக்கு முக்கியம். ஒன்று, முத்திரை விழுந்த பின் அதைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு, முத்திரை விழுந்த பின் பட்டியலில் வரிகளை அடிக்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. சாகக் கிடப்பவரிடம் புதிதாகக் கடன் வாங்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு நாகரிகம்.

இதை ஒழுங்காக எழுதுபவர்கள் இன்னொன்றையும் கடைப்பிடிப்பார்கள். வெளியே டிஸ்க்கை உருவாக்கிய பிறகு பட்டியலில் பெயரை எழுதினால், இடையில் மின்சாரம் போய்விட்டால் டிஸ்க் அநாதை. அதனால் முதலில் பெயரை எழுது, பிறகு டிஸ்க்கைக் கேள். பொறுப்பை ஏற்பது முதலில், பொருளைப் பெறுவது பிறகு. துப்புரவு வேலையையும் எத்தனை தடவை செய்தாலும் கெடாதபடி எழுத வேண்டும், ஏனென்றால் பாதியில் நின்று மறுபடி தொடங்க நேரும். திரும்ப வந்து பார்க்கும்போது டிஸ்க் ஏற்கனவே போயிருந்தால் அது தோல்வி இல்லை, வெற்றிதான்.

எதிர்மறை உதாரணமும் உண்டு. ஜாவா மொழியில் ‘ஃபைனலைஸ்’ என்று ஒரு வசதி இருந்தது. பொருள் யாருக்கும் தேவைப்படாமல் போன பின், மொழியே எப்போதாவது வந்து துப்புரவை நடத்தும். எப்போது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, நடக்காமலும் போகலாம். 2017-இல், ஜாவா 9 வெளியானபோது, இதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். ‘யாராவது பார்த்துக்குவாங்க’ என்பதை அடிப்படையாக வைத்து எதையும் கட்ட முடியாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

*

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்பலாம். டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த நிரலையும் அதே கட்டளையில் நாங்கள் முதலிலேயே அழித்திருந்தோம். அதனால் பட்டியலில் இருந்த வரியை அடிக்க யாரும் இல்லை. டெர்மினேட்டிங் என்று நின்றது பழுது இல்லை. “இங்கே இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது” என்று அமைப்பு எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வேலையைச் செய்யாமல், அதைச் சொன்ன வரியை நாங்கள் அடித்தோம்.

வில்லியம் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877-இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, அடிக்கடி பழுது பார்த்தது. நாட்டைவிட்டுப் புறப்படும் குடும்பங்கள் அதில் ஏறப்போகிறார்கள். அவருக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தி, மனதார நம்பி, வழியனுப்பி வைக்கிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் நம்பியது உண்மைதான், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இருக்கவில்லை என்கிறார் கிளிஃபோர்டு. அதோடு நிற்கவில்லை. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் அதேதான் என்கிறார்.

என் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. கடிதம் எழுதியபோது நான் மனதார நம்பினேன். அந்தப் பொருளில் பொய் இல்லை. ஆனால் என் நம்பிக்கையைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஒரே சாட்சியை நானே அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, பிறகு சாட்சி யாரும் இல்லை என்பதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். கப்பல் முதலாளி சந்தேகத்தை மனதுக்குள் அடக்கினார். எனக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, சந்தேகம் திரையில் எழுதியே இருந்தது.

நம் பேச்சில் ‘கணக்கை முடிச்சுட்டான்’ என்றால் ஒரு பொருள், ‘கணக்கைப் பைசல் பண்ணிட்டான்’ என்றால் வேறு பொருள். முதலாவதில் ஆள் இல்லாமல் போகிறார். இரண்டாவதில் பாக்கி இல்லாமல் போகிறது. நான் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக எழுதினேன். வாடிக்கையாளருக்கு வேண்டியிருந்தது இரண்டாவது. ஐரோப்பாவில் 2018-இல் அமலுக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளும், இந்தியாவின் 2023 சட்டமும் தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தனிமனிதருக்குக் கொடுக்கின்றன. கொடுத்தாலும், அழிந்ததை அவர் தானாகச் சோதித்துப் பார்க்க வழி இல்லை. எங்கள் வார்த்தை மட்டும்தான் அவரிடம் இருக்கிறது.

*

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அப்படியானால் காலம் முழுக்கக் காத்திருப்பதா? துப்புரவு செய்ய வேண்டியவரே செத்துவிட்டார், பட்டியலில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. கையை எடுக்காமலே இருப்பதும் குற்றம்தானே?

ஆமாம். முடிவே இல்லாமல் பிடித்துவைப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. கட்டாயப்படுத்தி எடுக்க வேண்டிய நேரம் வரும். அந்த இரவு ஃபைனலைசரை எடுத்ததே தவறு என்று இப்போதும் நான் சொல்லவில்லை. அதில் எழுதியிருந்த வேலையைப் படிக்காமல் எடுத்ததுதான் தவறு. பூட்டை உடைக்கலாம். உடைத்தவர் உள்ளே இருந்தவற்றுக்குப் பொறுப்பாளி ஆகிறார். செத்தவரின் வரியை நான் அடித்தால், அவர் செய்ய வேண்டியிருந்த வேலை என் பெயருக்கு வருகிறது. மென்பொருளால் இதை வற்புறுத்த முடியாது. பட்டியலைக் காலியாக்கும் கட்டளைக்கு ஒரே வரி போதும், ஏன் என்று அது கேட்பதில்லை. அமைப்பு நிறுத்திய இடத்திலிருந்து கேட்க வேண்டியவர் மனிதர்.

அந்தப் பெண் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவள் கேட்டாள், சொன்னது நான். டிஸ்குகளைக் கண்டுபிடித்த அன்று அவள்தான் முதலில் கேட்டாள்: “அண்ணா, அவங்களுக்குச் சொல்லணும்ல?” மேலே இருந்த ஒருவர், “யாருக்கும் தெரியாது, இப்ப அழிச்சுட்டா விஷயம் முடிஞ்சுது. எதுக்கு வம்பு?” என்றார். அவர் சொன்னதும் இன்னொரு வரியை அடிக்கும் வேலைதான் என்று அப்போது தோன்றியது.

டிஸ்குகளை அழித்தோம். இந்தத் தடவை அவை இல்லை என்பதை வாடகைக் கணக்கின் பக்கத்திலிருந்தும் பார்த்து உறுதிசெய்தோம். பிறகு இரண்டாவது கடிதம் எழுதினேன். முன்பு எழுதியது தவறு, தரவு மூன்று மாதம் கூடுதலாக இருந்தது, எந்தத் தேதியில் உண்மையாகவே அழிக்கப்பட்டது, அதை எப்படிச் சரிபார்த்தோம் என்று. எழுத நான்கு நாள் ஆனது. பதில் வரவில்லை.

இப்போதும் சில சமயம் டெர்மினேட்டிங் என்று ஏதாவது நிற்கும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் வந்து, “எடுத்துடலாமா?” என்பார்கள். எடுக்கலாம் என்பேன். முதலில் அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே உன் பெயரைப் போட்டுக்கொண்டு வா என்பேன். பாதிப் பேர் தாளோடு திரும்பி வருவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே என்ன பாக்கி என்று தெரிந்துவிடுகிறது, போய் அதை முடித்துவிடுகிறார்கள்.