முதல் மூச்சு யாருடையது?

இரணியலில் என் பாட்டி காலத்துப் பேறுகளைப் பார்த்தது வயத்தாட்டிகள். பேறு முடிந்தபின் இலை போட்டுக் கொதிக்கவைத்த வேதுவெள்ளத்தில் தாயைக் குளிப்பாட்டுவார்கள். வெள்ளத்துக்குள்ளேயே பிள்ளை பெற்றதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால், மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கும் என் நண்பன், தண்ணீர்ப் பிரசவம் நம் பாரம்பரியம் என்று நம்புகிறான். அது பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் ஓதான் 1983-ல் லான்செட் இதழில் எழுதிப் பிரபலமாக்கிய முறை.

"அவளுக்கு வலி குறையும்லா, பின்ன என்னல?" என்றான். வலி குறையலாம், சரிதான். ஆனால் 25 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா செழிக்கும். பிரசவத் தொட்டி 37 டிகிரியை ஒட்டியது. தாய்க்கு இதமான சூடு அதற்கும் இதம். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. 2014-ல் டெக்சாஸில் தண்ணீரில் பிறந்த ஒரு குழந்தை இதனால் இறந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்ததும், முன்கூட்டியே நிரப்பிச் சூடாக வைத்திருக்கும் வீட்டுத் தொட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பொதுச் சுகாதாரத் துறை எச்சரித்தது. 2016-ல் அரிசோனாவில் இரண்டு குழந்தைகள், இருவரும் பிழைத்தார்கள்.

அபூர்வம்தான். மென்பொருளில் இதை 'எட்ஜ் கேஸ்' என்று தள்ளிவைப்போம். இங்கே அந்த எட்ஜ் கேஸுக்கு ஒரு முகம் இருக்கிறது, அதனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

வலி நேரத்தில் தொட்டியில் இருப்பது அவள் உடல், அவள் முடிவு. பிறக்கும் கணத்தில் மூச்சை இழுப்பது இன்னொருவர். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2016-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: வலியின் முதல் கட்டத்தில் தண்ணீர் உதவலாம், பிரசவம் தண்ணீருக்கு வெளியே நடக்கட்டும். இதை நான் அறத்தின் எல்லைக்கோடாகவும் பார்க்கிறேன்.

எதிர்வாதமும் வலுவானது. 2024-ல் வெளியான கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வில், சிக்கல் இல்லாத தாய்மார்களின் தண்ணீர்ப் பிரசவத்தால் குழந்தைகளுக்கு ஆபத்து கூடவில்லை. ஆனால் அங்கே பக்கத்தில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி இருந்தார், அவருக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை இருந்தது. நண்பன் வாங்க நினைப்பது தொட்டியை மட்டும்.

ஆனாலும் "ஆஸ்பத்திரிக்குப் போ" என்பதோடு நம் கடமை தீராது. பிரசவ அறையில் வசவு கேட்டு வந்த பெண்களை நாம் எல்லாருக்கும் தெரியும். மரியாதையான பராமரிப்பையும் தரத்தின் அளவுகோலாகச் சேர்த்த மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் 2017-ல்தான் வந்தது. குழந்தையின் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணிடம் தொட்டியை விட்டு எழுந்து வரச் சொல்கிறோம் என்றால், அவள் வந்து சேரும் கட்டில் அவளை அவமானப்படுத்தாததாக இருக்க வேண்டும்.