அடுப்படித் தரை

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை என் தாயார் அடுப்படியில் விழுந்துவிட்டாள். அவளுக்கு எண்பத்து நான்கு வயது. எலும்பு முறியவில்லை. முழங்கையில் சிராய்ப்பும் இடுப்பில் வலியும் தவிர வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நான் பயந்துபோனேன். விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். நிலைப்படிக்கு உள்ளே, ஒரு தாம்பாளம் அகலத்துக்குச் சிமெண்டு பெயர்ந்து குழி விழுந்திருந்தது. அந்தக் குழி இன்று நேற்று வந்ததல்ல. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அது அங்கே இருக்கிறது. ஒரு சாண் அகலத்தில் இருந்தது ஒரு முழமாக வளர்ந்திருக்கிறது. நான் நாவல் எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் அது பாட்டுக்கு அகன்றுகொண்டே இருந்திருக்கிறது.

எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மொட்டை மாடியில் ஏறினால் கோட்டைப் பாறை தெரியும். வீட்டுத் தரையை என் தகப்பனார் 1964-ல் போட்டார். அதற்கு முன் சாணி மெழுகிய மண் தரைதான். சிமெண்டு என்றால் அன்று பெரிய விஷயம். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் உரிமை வாங்கிய பொருள் அது. 1939-ல் திருச்சிக்கு அந்தப் பக்கம் டால்மியாபுரத்தில் ஆலையே வந்துவிட்டது. இருந்தாலும் எங்கள் ஊருக்கு ஒரு மூட்டை வந்து சேருவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். விலைக்கும் விநியோகத்துக்கும் அரசாங்கக் கட்டுப்பாடு இருந்தது. 1982-ல் பாதியும் 1989-ல் மீதியும் தளர்த்தினார்கள் என்பது இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. மனுப் போட்டு, காத்திருந்து, கிடைத்த மூட்டைகளைப் பொன் மாதிரி எண்ணிச் செலவழித்தவர் என் தகப்பனார்.

தரையை மாற்றுவது என்று முடிவு செய்தேன். என் திட்டத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரைக்கே அதுதான் காரணம். கூடத்தில் பழைய தரையின் மேலேயே பளபளப்பான டைல்ஸ் ஒட்டிவிடுவது. அடுப்படியில் அந்தக் குழியை மட்டும் அடைத்துப் பூசிவிடுவது. விழுந்தது அடுப்படியில்; டைல்ஸ் கூடத்துக்கு! இதில் உள்ள வேடிக்கை அப்போது எனக்குத் தெரியவில்லை. ‘நாலு பேர் வந்து போகிற இடம் கூடம்தானே?’ என்பதுதான் என் நியாயமாக இருந்தது.

கொத்தனார் வயதானவர். வந்ததும் பேசவில்லை. கரண்டிக் காம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்தபடியே தரையைத் தட்டிக்கொண்டு போனார். கூடத்தில் கல்லைத் தட்டின மாதிரி ‘கிண்’ணென்றது. அடுப்படியில் காலிப் பானையைத் தட்டின மாதிரி கேட்டது.

“கேட்டீகளாய்யா? உள்ளே ஒண்ணுமில்லே. மேலுக்குப் பூசச் சொன்னா பூசிடறேன். எனக்கு ரெண்டு நாள் வேலை. நாலு மாசத்திலே ஆச்சி மறுபடி விழுவாக” என்றார்.

பூசுகிறேன் என்றால் அவருக்கு நஷ்டமில்லை. நாலு மாசம் கழித்து மறுபடி கூப்பிடுவேன், மறுபடி கூலி. இருந்தாலும் சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மை என்பதற்கு என் வீட்டுக் கார் கொட்டகையே சாட்சி. பழைய அம்பாஸடர் நின்ற இடம். எண்ணெய் சொட்டிச் சொட்டி ஊறிய தரை. சில வருஷங்களுக்கு முன், எண்ணெய்க் கறையைச் செதுக்கி எடுக்காமல் அதன் மேலேயே கலவையைப் போடச் சொன்னேன். பிடித்தால்தானே? ஒரு மழைக்காலத்திலேயே அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்துவிட்டது. கார் போய்விட்டது, கறை போகவில்லை.

உடைக்கச் சொன்னேன். தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைத்தார்கள். அடுப்படியில் கடப்பாரையின் முதல் குத்திலேயே தரை உள்ளே போய்விட்டது. மேலே அரை அங்குலச் சிமெண்டு. அதற்குக் கீழே வெறும் செம்மண். அதிலும் எலி வளை. புளித் தண்ணீரும் மோரும் விழுந்து விழுந்து மேல் தோல் அரித்திருந்தது. சிமெண்டுக்குப் புளிப்பு ஆகாது என்பது கொத்தனார்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. ஒப்பிட்டுப் பார்க்கக் கூடத்தின் ஓரத்தில் ஒரு முழம் உடைத்துப் பார்த்தோம். சம்மட்டி எகிறித் துள்ளியது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து நாலு விரல் கனத்துக்கு இடித்துப் போட்டு, அதன் மேல் சிமெண்டு. அறுபது வருஷமாகியும் பாறை மாதிரி இருந்தது.

“ஒரே வீட்டிலே ரெண்டு தரையா!” என்றார் கொத்தனார்.

நான் தாயாரிடம் போய்க் கேட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். ஆச்சரியமே படவில்லை.

“ஜல்லி கூடத்தோட தீந்துபோச்சு. காசும் தீந்துபோச்சு. அடுப்படிக்கு மேலாப்பிலே பூசினாப் போதும்னு நான்தான் சொன்னேன்.”

“நீயா சொன்னாய்?”

“பின்னே? மறு மாசம் உங்க அத்தையைப் பொண்ணு பாக்க வாராக. அடுப்படியையா பாக்கப் போறாக?”

இரண்டு நாளாக எனக்கு இதே யோசனையாகப் போய்விட்டது. என் தகப்பனார் கல் நெஞ்சக்காரர் அல்ல. தாயாரை ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. கையில் இருந்த பணத்துக்கு ஏதாவது ஓர் இடத்தில் குறை வைத்தே ஆகவேண்டும். அந்தக் குறை எங்கே போய் விழுந்தது என்பதுதான் கேள்வி. அது விருந்தாளியின் காலடியில் விழவில்லை. கூடத்தில் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்த அவர் காலடியிலும் விழவில்லை. தினம் பதினாறு மணி நேரம் நின்று, குனிந்து, அரைத்து, கழுவி, துடைத்தவளின் காலடியில் விழுந்தது. அவள் சம்மதித்தாள் என்பது உண்மை. ஆனால் மறுக்க முடியாத நிலையில் இருப்பவள் கொடுக்கிற சம்மதத்தைச் சம்மதம் என்று பெற்றுக்கொள்ளலாமா? பெற்றுக்கொண்டவர் போய்விட்டார். அவருடைய வாரிசான நான், அறுபது வருஷம் கழித்து, அவரைக் கேட்காமலேயே அதே திட்டத்தைப் போட்டேன். எனக்குப் பணமுடையும் கிடையாது. அதனால் அவரைவிட என் குற்றம் பெரிது.

இதைத் தாயாரிடம் கொஞ்சம் உருக்கமாகவே சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் கேட்டிருந்தா வயலை வித்தாவது போட்டிருப்பாரு. நான் கேக்கலே. ஏன் கேக்கலேன்னு இப்ப உனக்கு என்னத்துக்கு?” என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. விட்டுக்கொடுத்தது அவளுடைய உரிமை. அதை நான் பரிதாபம் என்று பெயர் சூட்டி எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுத்தாளர்களுக்கு இந்தக் கெட்ட வழக்கம் உண்டு.

சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் தரையை உடைப்பதைப் பார்த்துத் துக்கப்பட்டார். தேய்ந்த தரையில் ஓர் அழகு இருக்கிறதாம். செட்டிநாட்டு வீடுகளையும் ஆத்தங்குடிக் கற்களையும் பார்த்துவிட்டு வந்த மயக்கம். அவரைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனேன். ஓவியங்களைப் பார்த்த பிறகு, பாறையின் மேல் ஏறி ஏழடிப்பட்டத்துக்கும் போனோம். சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை, பக்கத்தில் பிராமி எழுத்து. இரண்டாயிரம் வருஷத்துச் சங்கதி. படுக்கைகள் வழவழவென்று இருக்கின்றன. ‘பார்த்தீரா, எவ்வளவு அழகாகத் தேய்ந்திருக்கிறது!’ என்றார் நண்பர். தேய்ந்திருக்கிறதா, தேய்த்திருக்கிறார்களா? ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த முனிவர்கள் கல்லைத் தாங்களாகத் தேடிப் போனார்கள். வீடும் மெத்தையும் வேண்டாம் என்று உதறிவிட்டு, தங்கள் முதுகுக்குத் தாங்களே செதுக்கிக்கொண்டது அது. தானாகத் தேய்ந்து, பிறர் காலை வாரிவிடுகிற தரைக்கும் அதற்கும் என்ன உறவு? பழைய தரையின் அழகைப் பற்றி, அதைக் குனிந்து பெருக்குகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாம் என்பது என் அபிப்பிராயம்.

உடைத்த துண்டுகள் வாசலில் மலை மாதிரி குவிந்துவிட்டன. அள்ளிப் போக வண்டிக்குச் சொல்லியிருந்தேன். கொத்தனாரோடு வந்த சித்தாள், முப்பது வயதிருக்கும், தயங்கித் தயங்கி வந்தாள்.

“அய்யா, இந்த ஒடைசலை எனக்குக் குடுப்பீகளா? எங்க வீடு மண் தரை. மழை பேஞ்சா ஊறுது. புள்ளைக அதிலேதான் கெடக்குது. இதைப் பரப்பி இடிச்சுக்கிருவேன்.”

“தாராளமாக எடுத்துக்கொள்” என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. அவள் போகாமல் நின்றாள்.

“கூலியிலே பிடிச்சுக்கிட மாட்டீகளே?”

என்னைக் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. குப்பையைக் கொடுத்துவிட்டுக் கூலியில் பிடிக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வராது.

மெக்ஸிகோ தேசத்தில் கோவாஹுய்லா என்ற மாநிலத்தில், 2000-ம் ஆண்டு தொடங்கி ஏழைகளின் மண் தரைகளுக்கு அரசாங்கமே சிமெண்டு போட்டுக் கொடுத்தது. பிற்பாடு ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கெடுத்து 2009-ல் வெளியிட்டார்கள். முழுக்கச் சிமெண்டு போட்ட வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப் பூச்சித் தொல்லை நூற்றுக்கு 78 பங்கு குறைந்ததாம்; பேதி ஏறக்குறைய பாதியானதாம்; சோகையும் பெருமளவு குறைந்ததாம். தாய்மாரின் மனச் சோர்வுகூடக் குறைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ‘அட’ என்று இருந்தது. சித்தாளிடம் சொல்லியிருந்தால் ‘இதுக்கு ஆராய்ச்சி வேறயா?’ என்று சிரித்திருப்பாள். ஊரார் வீட்டுத் தரைக்கெல்லாம் தலையில் கலவை சுமக்கிறவள் அவள்.

உடைசலோடு இரண்டு மூட்டை சிமெண்டும் சேர்த்து அனுப்பினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அவளுடைய இரண்டாவது கேள்வி வராமல் இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். அப்படிக் கொடுத்தது தர்மமா, வெட்கத்துக்குக் கட்டிய அபராதமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடுப்படி வேலை சரியாக நடந்தது. மண்ணைத் தோண்டி எடுத்து, எலி வளைகளை அடைத்து, தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து, ஜல்லிக் கலவை போட்டு, அதன் மேல் ஒன்றுக்கு நாலு கலவை. கலவையில் தண்ணீரைக் கூட்டினால் வேலை சுலபம், தரை தூளாகப் போகும் என்று கொத்தனார் சித்தாளை அதட்டிக்கொண்டே இருந்தார். வழுக்கும் என்பதற்காக டைல்ஸ் வேண்டாம் என்றேன். இழைத்துப் பளபளப்பாக்காமல், மணியாசுக் கட்டையால் தேய்த்ததோடு சொரசொரப்பாக விட்டுவிட்டார். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முழுப் பலம் வர இருபத்தெட்டு நாள் ஆகுமாம். கொல்லைக் கொட்டகையில் சமையல் நடந்தது. தாயார் வாசற்படியில் உட்கார்ந்து, செம்பில் தண்ணீர் மொண்டு, கைக்கெட்டிய தூரம் தெளித்துக்கொண்டிருப்பாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். கூடத்தில் உடைத்த ஒரு முழத்தைப் பூசி அடைத்ததோடு சரி. வந்த உறவினர்கள், ‘அடுப்படிக்குப் போய் இவ்வளவு செலவா? கூடம் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறதே’ என்கிறார்கள். இருக்கட்டும்.

தாயாருக்குக் கண் மங்கல். இரவில் விளக்குப் போடாமலே அடுப்படிக்குப் போவாள். குழி எங்கே, மேடு எங்கே என்று அவள் காலுக்குத் தெரியும். எந்தக் குழியில் கால் பட்டால் தண்ணீர்க் குடம் எத்தனை எட்டு என்பது அறுபது வருஷக் கணக்கு. அன்று விழுந்ததுகூட, முந்தின வாரம் புதிதாக ஒரு விரல்கடை பெயர்ந்துவிட்டதால்தானாம். கால் பழைய கணக்கில் போய்விட்டது.

நேற்று இரவு பார்த்தேன். அடுப்படி நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வலது காலை மெல்லத் தூக்கி, இல்லாத குழியைத் தாண்டி, எட்டி வைத்தாள். பிறகு அங்கேயே நின்று, குடம் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டாள்.