நிழலும் நன்றியும்

தெருவில் செல்லும் ஒருவரின் நிழலைக் கைபேசியில் பதிந்து, நிறம் மாற்றி, ஒளியிருள் வேறுபாட்டை மிகுவித்து அருவ ஓவியமாக்கும் கலைஞர், அந்நிழலுக்குரியார்க்குக் கடன்பட்டவரா என்னும் வினா ஈண்டு எழுகிறது. கொரிந்து நகரக் குயவர் ஒருவரின் மகள், பிரிந்து செல்லவிருந்த காதலனின் முகநிழலைச் சுவரில் வரைந்தாள் எனக் கி.பி. 1ஆம் நூற்றாண்டு உரோமானியரான பிளினி குறிப்பிடுகிறார். அவள் வரைந்தது ஆளை இழவாமைப்பொருட்டு. அருவக்கலையோ ஆளை மறைத்தே வடிவைப் பெறுகிறது. முகம் தெரியாமையால் அவருக்குத் தீங்கில்லை எனலாம். ஆயினும் தீங்கின்மை கடனின்மை ஆகாது. தெரிவும் திருத்தமும் கலைஞருடையன. வடிவை முதலில் தந்தது பிறிதோர் உடல். எனவே, ‘வழிப்போக்கர் ஒருவரின் நிழலிலிருந்து’ என ஓவியத்தின்கீழ்க் குறித்தல் வேண்டும். பெயரறியாதார்க்குச் செலுத்தத்தக்க நன்றி அதுவே.