வீட்டுக்கு வந்த பாம்புக்குட்டியும் நம் தலைமேல் ஏறிய அமானிதமும்

 

இங்கிலாந்தில் குடும்பத்துடன் வாழும் வாசகர் ஒருவர் அண்மையில் எழுதிய கடிதம் என்னைப் பல நாட்கள் சிந்திக்க வைத்துவிட்டது. அவருடைய பத்து வயது மகன் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு நச்சரித்ததால், கடையிலிருந்து ஒரு பாம்புக்குட்டியை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு சாண் நீளம், பென்சில் கனம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைத் தாயகமாகக் கொண்ட 'கார்ன் ஸ்நேக்' என்னும் விஷமற்ற இனம். அங்கெல்லாம் இதனைப் பூனை, புறாவைப்போல் வீட்டில் வளர்க்கிறார்களாம்.

செய்தி ஊருக்கு எட்டியது. வீடியோவில் அந்தப் பெட்டியைப் பார்த்த அவருடைய உம்மா அலறிவிட்டார்கள். "பாம்பைக் கண்டால் கொல்லச் சொல்லியிருக்க, நீ புள்ளைக்கு விளையாடக் கொடுத்திருக்கியா? இன்றைக்கே அடித்துப் போடு" என்று அழுகிறார்கள். நண்பர் ஒருவரோ, "கொல்ல வேண்டாம், பக்கத்துப் பூங்காவில் விட்டுவிடு" என்கிறார். மகன் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். பாம்போ வெளியே வரவில்லை, இரையும் எடுக்கவில்லை. "ஹழ்ரத், கொல்வதா? விடுவதா? வைத்துக்கொள்வதா?" என்று கேட்டிருக்கிறார்.

படிக்கும்போது சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்ட பிறகு, அதனால் நம் கைக்கு வந்துவிட்ட ஓர் உயிரின் ஹக்கு என்ன என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது.

வாங்கியது சரியா?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். புழு பூச்சிகள், பாம்பு, தேள் போன்ற பயன் கருதப்படாத பிராணிகளை விற்பதும் வாங்குவதும் செல்லாது என்பது நமது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. மருந்து போன்ற பயன் இருந்தால் பாம்பை விற்கலாம் என்று ஹனஃபி நூல்களில் காணப்படுகிறது. ஹதீதில் தீங்கிழைப்பவை என்று எண்ணப்பட்ட ஐந்து பிராணிகளில் பாம்பும் சில அறிவிப்புகளில் இடம்பெறுகிறது. அந்த ஐந்தையும் வீட்டில் வைத்து வளர்ப்பது கூடாது என்று இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். ஆகவே, வாங்குவதற்கு முன் இவர் கேட்டிருந்தால், "வேண்டாம், தம்பி" என்றுதான் சொல்லியிருப்பேன். நம் ஊர் வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகம், சாரை, மலைப்பாம்பு போன்றவற்றைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

ஆனால், அவர் கேட்டது வாங்கிய பிறகு. இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

கொன்றுவிடலாமா?

நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் ஹவுளின் ஓரத்தில் ஒரு சாரைப்பாம்பு தென்பட்டது. நாங்கள் ஏழெட்டுப் பேர் கம்புகளுடன் பாய்ந்து அடித்துக் கொன்றுவிட்டு, ஏதோ போர்க்களத்தில் வென்றவர்களைப்போல் நின்றோம். உஸ்தாது வந்தார்கள். பாம்பைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். "எச்சரித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்கள். யாருக்கும் பதில் இல்லை. அன்று அஸருக்குப் பின் பாடத்தை நிறுத்திவிட்டு, பாம்பைப் பற்றிய ஹதீதுகளை ஒவ்வொன்றாக விளக்கினார்கள்.

பாம்புகளைக் கொல்லுமாறு வந்த ஏவல் உண்மைதான். ஆனால், அது மட்டுமே ஹதீது அல்ல. இப்னு உமர் (ரலி) அவர்கள் பாம்புகளைத் தேடிக் கொன்றுவந்தபோது, வீடுகளில் வசிக்கும் பாம்புகளைக் கொல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் பின்னர் தடுத்துவிட்டார்கள் என்பதை அபூலுபாபா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அதைக் கேட்ட மாத்திரத்தில் இப்னு உமர் (ரலி) தம் வழக்கத்தை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் தென்படும் பாம்புக்கு மூன்று நாட்கள் எச்சரிக்கை விட வேண்டும் என்ற அறிவிப்பும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இது மதீனாவின் வீடுகளுக்கு மட்டும் உரியதா, எல்லா வீடுகளுக்கும் பொதுவானதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.

மினாவின் குகையில் நடந்த நிகழ்ச்சியும் நமக்குப் பாடமாகும். முர்ஸலாத் அத்தியாயம் இறங்கிய வேளையில் ஒரு பாம்பு வெளிப்பட்டது. கொல்லச் சொன்னார்கள், தோழர்கள் விரைவதற்குள் அது தப்பிவிட்டது. அதன் தீங்கிலிருந்து நீங்கள் காக்கப்பட்டதுபோல், உங்கள் தீங்கிலிருந்து அதுவும் காக்கப்பட்டது என்ற கருத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மொழிந்தார்கள். பாம்பினால் நமக்கு வரும் துன்பத்தைத்தான் நாம் தீங்கு என்கிறோம். நம்மால் அதற்கு நேர்வதையும் அதே சொல்லால் குறிப்பிட்டார்கள் காருண்ய நபி!

கொல்லச் சொன்னதன் காரணம், அது தரும் தீங்கு. இந்தக் குட்டிக்கு விஷமும் இல்லை. அது தானாக வீட்டுக்குள் நுழையவும் இல்லை. பணம் கொடுத்து, பெட்டியில் அடைத்து, நாமே கொண்டுவந்தோம். நாம் அழைத்து வந்ததை, வந்த குற்றத்துக்காக அடித்துக் கொல்வது எந்த நீதியில் சேரும்?

விட்டுவிடலாமா?

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டு, அதனால் வேதனைக்குள்ளான பெண்ணின் ஹதீதை அறியாதவர் நம்மில் இல்லை. அவள் அதற்கு உணவும் தரவில்லை; பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தின்னட்டும் என்று அவிழ்த்துவிடவும் இல்லை. ஆக, அவளுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. இரண்டையும் அடைத்ததுதான் அவள் செய்த பாவம்.

இந்தப் பாம்புக்குட்டியின் விஷயத்தில் இரண்டாம் வாசல் முன்னமே அடைபட்டுக் கிடக்கிறது. கடைக்கு வரும் இக்குட்டிகள் மனிதன் வைத்த பெட்டியிலேயே முட்டையிலிருந்து வெளிவருபவை. இங்கிலாந்தின் குளிரில் வெளியே விட்டால் அது பிழைப்பது அரிது. அந்த நாட்டுக்குச் சொந்தமில்லாத பிராணிகளை வெளியில் விடுவதை 1981-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கவும் செய்கிறது. விடுதலை என்று பெயர் சூட்டினாலும் அது கைகழுவுதலே ஆகும். எஞ்சியிருப்பது முதல் வாசல் ஒன்றுதான். ஒன்று நாம் பராமரிக்க வேண்டும். அல்லது பராமரிக்கத் தெரிந்தவரிடமோ, பிராணிகள் காப்பகத்திடமோ ஒப்படைக்க வேண்டும்.

தன் பிராணிக்கு இரை கொடுக்க மறுப்பவனை, இரை கொடுக்கவோ விற்றுவிடவோ காழி நிர்ப்பந்திக்க வேண்டும் என்று நமது ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, இனிப் பயனே இல்லை என்றாகிவிட்ட பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும் என்கிறார்கள். அதற்குத் தீங்கு செய்யும் மற்றொரு பிராணியுடன் சேர்த்து வைக்கவும் கூடாது என்கிறார்கள். இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டுப் பிராணிநலச் சட்டமோ, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் பிராணிக்குப் பெற்றோரையே பொறுப்பாளி ஆக்குகிறது. ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தத்தம் பொறுப்பைக் குறித்து விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியைக் கற்ற நமக்கு இது புதிய செய்தியா? "மகன் கேட்டான், வாங்கினேன்" என்பது மஹ்ஷரில் பதிலாகாது.

அதன் ஹக்கு என்ன?

சரி, வந்துவிட்ட குட்டிக்கு என்ன செய்ய வேண்டும்? வளர்த்துப் பழகியவர்களின் அனுபவத்தைத் தேடிப் படித்தேன். அவர்கள் சொல்வதில் முதன்மையானது என்னை வியக்கச் செய்தது: புதிதாக வந்த பாம்புக்குட்டியை முதல் ஐந்து, ஏழு நாட்களுக்குத் தொடவே கூடாது!

அதற்குப் பெரிய பெட்டி வேண்டாம். பரந்த வெட்டவெளி, குட்டியை அச்சுறுத்தும். ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒன்று வெப்பமான பக்கம், மற்றொன்று குளிர்ந்த பக்கம். பாம்பு தன் உடலில் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள இயலாது. ஆதலால் ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையும், மறுபக்கம் 24 டிகிரிக்குள்ளும் இருக்குமாறு, சூடேற்றும் விரிப்பைக் கட்டுப்பாட்டுக் கருவியோடு பொருத்த வேண்டும். ஒரு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் வேண்டும். மூடி இறுக்கமாகப் பூட்டப்பட வேண்டும். விரல் நுழையாத இடைவெளியிலும் அது நழுவிவிடும். இன்னொரு குட்டியை அதனுடன் சேர்த்து வைக்கக் கூடாது.

ஏறத்தாழ ஒரு வாரம் கழிந்த பின்பே முதல் இரை: மயிர் முளைக்காத மிகச் சிறிய எலிக்குஞ்சு. உறைய வைத்து விற்பதை வாங்கி, உறைநிலை நீக்கி, இளஞ்சூட்டில் கொடுக்கிறார்கள். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் போட்டு வேடிக்கை பார்ப்பது எலிக்கும் வதை; எலி திருப்பிக் கடித்தால் பாம்புக்கும் வதை. அறுக்கும்போதும் அழகிய முறையைக் கையாளச் சொன்ன மார்க்கம் அதை ஏற்காது. செத்ததை உண்ணும் பிராணிக்குச் செத்ததைக் கொடுப்பதற்கு நூல்களில் இடம் உண்டு. ஆனால், அது நஜீஸ் என்பதால் கையையும் பாத்திரத்தையும் நன்கு கழுவ வேண்டும். உயிருள்ள பாம்பின் உடல் நஜீஸ் அல்ல. அதன் கழிவு நஜீஸ். அதிலிருந்து நோய்க்கிருமி தொற்றும் அபாயமும் இருப்பதால், பெட்டியில் கைவைத்தபோதெல்லாம் பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

இரை எடுத்த பின் இரண்டு நாட்கள் மறுபடியும் தொடக்கூடாது. முதல் தடவை இரையை மறுத்தால் வற்புறுத்தாமல் சில நாட்கள் பொறுக்க வேண்டும். தொடும் காலம் வந்தாலும் மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில் மெல்லக் கையைக் கொண்டுபோக வேண்டும். பருந்து மேலிருந்துதான் வரும் என்ற அச்சம் அதன் படைப்பிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

மேலும், இது ஒரு மாத விளையாட்டு அல்ல. பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும் பிராணி. இன்று பத்து வயதான மகன் திருமணம் முடிக்கும்போதும் அது இருக்கக்கூடும்.

கையை நீட்டாத அன்பு

சகோதரர்களே! தாய்மார்களே! சற்றே சிந்தியுங்கள். ஆசைப்பட்டு வாங்கிய சிறுவன் அதைக் கையில் எடுக்கத் துடிக்கிறான். ஆனால், அந்த ஜீவன் அவனிடம் வேண்டுவதோ, "என்னைத் தொடாதே, என்னை ஒளிந்திருக்க விடு" என்பதைத்தான். நாம் அன்பு என்று எண்ணுவதில் பெரும்பகுதி, நம் ஆசையைத் தீர்த்துக்கொள்வதே அன்றி வேறென்ன? மருமகள் வந்த மறுநாளே அவள் மனத்தைத் துருவும் மாமியாரும், மதரஸாவில் புதிதாகச் சேர்ந்து அழும் பிள்ளையை அதட்டும் நாங்களும், அந்தப் பெட்டியின் முன் சற்று நேரம் உட்காரத்தான் வேண்டும்.

பூனை மடியில் வந்து படுக்கும். ஆடு குரலைக் கேட்டு ஓடிவரும். பாம்பு நன்றி காட்டாது. எத்தனை ஆண்டுகள் இரை கொடுத்தாலும் நம்மைக் கண்டு மகிழ்ந்ததாக ஓர் அடையாளமும் தராது. கூலியையோ நன்றியையோ நாடாமல் அல்லாஹ்வுக்காக உணவளிப்போரைத் திருமறை 'இன்ஸான்' அத்தியாயத்தில் புகழ்ந்துரைக்கிறது. இக்லாஸ் என்னும் அந்தத் தூய எண்ணத்துக்கு, நன்றி சொல்லத் தெரியாத உயிரைவிட நல்ல சோதனை ஏது? வயிற்றால் ஊர்ந்து செல்பவற்றையும் தன் படைப்பாகவே அல்லாஹ் 'நூர்' அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறான். அதுவும் கால்களால் நடப்பவற்றுக்கு முன்பாகவே!

கடிதம் எழுதிய சகோதரருக்கு நான் எழுதிய பதில் இதுதான். வாங்கியது தவறு, அதற்காகத் தவ்பாச் செய்யுங்கள். தவ்பா என்பது அந்தக் குட்டியைக் கொல்வதோ தெருவில் விடுவதோ அன்று. முறையாகப் பராமரிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். அவரிடம் விலை பேசாமல் ஒப்படையுங்கள். அதுவரை, அது எத்தனை நாளாயினும், மேற்சொன்ன ஒழுங்குகளில் ஒன்றையும் குறைக்காதீர்கள். பிரிய நேரும் நாளில் மகனின் கையாலேயே ஒப்படைக்கச் சொல்லுங்கள். பிரிவுக்கு அவன் அழுதால் திட்டாதீர்கள். தாம் வளர்த்த சிறு பறவை இறந்ததற்காக வருந்திய சிறுவர் அபூஉமைரிடம், அந்தப் பறவையின் பெயரைச் சொல்லிக் கனிவுடன் விசாரித்தார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். உங்கள் உம்மாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை மீதுள்ள பாசத்தால்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தையும் மதியுங்கள்.

அவரிடமிருந்து மறுமொழி வந்திருக்கிறது. எட்டாம் நாள் குட்டி இரை எடுத்ததாம். அதுவரை மகன் ஒருமுறைகூடப் பெட்டியைத் திறக்கவில்லையாம். "மூடியின் மேல் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொள்வான், ஹழ்ரத்" என்று எழுதியிருக்கிறார்.

வைத்த கையை எடுத்துக்கொள்ளும் அந்தப் பக்குவத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் பொறுப்பில் உள்ள வாயில்லா ஜீவன்கள் மறுமையில் நமக்கெதிராகச் சாட்சி சொல்லாமல் காத்தருள்வானாக! ஆமீன்.