பேர் வைப்பது யாருக்காக

என் பெயர் குப்பம்மாள். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரார் பிள்ளைகளின் பெயரை எல்லாம் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு, கீழே என் பெயரைக் கையெழுத்துப் போடும்போது எதிரே நிற்பவர் சிரிப்பை அடக்குவதைப் பார்த்துப் பழகியவள். அரசிதழில் போட்டு மாற்றிக்கொள்ளுங்களேன் என்று சொன்ன மேலதிகாரிகள் உண்டு. நான் மாற்றவில்லை.

இப்போது தம்பி மகனுக்குப் பெண் பிறந்திருக்கிறது. "அத்தை, நீங்கதான் நல்ல பேராப் பாத்துச் சொல்லணும்" என்றான். சொல்லிவிட்டு, அவனும் அவன் மனைவியும் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பட்டியலையும் போனில் அனுப்பினான். அத்தனை பெயரும் 'ஆ'வில் முடிகின்றன. பக்கத்தில் பொருள் போட்டிருக்கிறது. பாதிக்கு லட்சுமி, மீதிக்கு துர்க்கை. எந்த மொழிச் சொல், எந்த நூலில் வருகிறது என்ற தகவலே கிடையாது. "நல்ல அர்த்தம் இருந்தா பிள்ளைக்கு நல்லது தானே அத்தை?" என்று அந்தப் பெண் கேட்டாள். வெள்ளந்தியான கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் சொல்வதில் பெரிய பெரிய மதங்களே ஒத்துப்போனதில்லை.

என் மேசை சொல்லும் பதில், 'இல்லை' என்பதே. பிறப்புப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் ஒரே அலமாரியில் இருந்தன. சிரஞ்சீவி என்ற பெயரை இறப்பில் எழுதியிருக்கிறேன். செல்வி, தனலட்சுமி என்ற பெயர்களுக்கு எதிரே கூலி வேலை என்று எழுதியதற்குக் கணக்கே இல்லை. இதே கதையைப் பௌத்தர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஜாதகக் கதைகளில் 97ஆவது அது. தட்சசீலத்தில் ஓர் ஆசிரியரிடம் படித்த மாணவன் பெயர் பாபகன், அதாவது பாவி. பெயரை மாற்றித் தாருங்கள் என்று அவன் கேட்க, நீயே ஊர் சுற்றி நல்லதாக ஒன்று பார்த்துவா என்று குரு அனுப்பிவைக்கிறார். ஒரு பாடை எதிரே வருகிறது. செத்தவன் பெயர் ஜீவகன். கூலி கொண்டுவரவில்லை என்று ஓர் அடிமைப் பெண்ணை வாசலில் போட்டு அடிக்கிறார்கள். அவள் பெயர் தனபாலி. வழி தவறித் திரிகிறான் ஒருவன், அவன் பெயர் பந்தகன். வழிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் திரும்பி வந்து, பாபகனாகவே இருந்துவிடுகிறேன் என்கிறான். பெயர் என்பது ஆளைக் கூப்பிட ஓர் அடையாளம், அவ்வளவுதான் என்பது கதையின் முடிவு.

எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரியும். அந்த ஊர்க்காரரான பெரியாழ்வார் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். பிள்ளைக்குப் பேர் வைப்பதைப் பற்றியே அவர் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். பெரியாழ்வார் திருமொழியில் நாலாம் பத்தில் ஆறாவது. காசு கிடைக்கும், துணி கிடைக்கும், தலைக்கு எண்ணெய் கிடைக்கும் என்று கண்ட மனிதர் பேரைப் பிள்ளைக்கு வைக்காதீர்கள், நாரணன் பேரை வையுங்கள் என்று கடிந்துகொள்கிறார். பேர் வைக்கக் காசு வாங்கும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள். அதைவிட என் கண்ணில் பட்டது இன்னொன்று. அப்படிப் பேர் வைத்தால் நற்கதி யாருக்கு? பாட்டுக்குப் பாட்டு அவர் உறுதி சொல்வது தாயாருக்கு. பிள்ளையைப் பெற்றவள் நரகம் போகமாட்டாள் என்கிறார். பாகவதத்து அஜாமிளன் கதையிலும் இதுதான். சாகக் கிடந்தவன் கடைசி மகனை "நாராயணா" என்று கூப்பிட்டான். விஷ்ணு தூதர் வந்து காப்பாற்றியது கூப்பிட்ட அப்பனை. பெயரைச் சுமந்த பிள்ளை என்ன ஆனான் என்பது கதைக்குத் தேவைப்படவே இல்லை.

ஆக, ஒரு பக்கம் பெயரில் ஒன்றுமில்லை என்கிறது, மறுபக்கம் எல்லாம் பெயரில்தான் என்கிறது. ஆனால் வைக்கப்பட்ட பிள்ளைக்குப் பெயர் ஏதாவது செய்யும் என்று இரண்டு பக்கமும் சொல்லவில்லை. செய்தால் வைத்தவருக்கு, கூப்பிட்டவருக்குச் செய்கிறது. நான் பிடித்துக்கொண்டது இந்த நுனியைத்தான்.

சரி, நாரணன் பேரை வை என்று ஊருக்குச் சொன்ன பெரியாழ்வார் தம் மகளுக்கு என்ன வைத்தார்? துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தைக்குக் கோதை என்று வைத்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. கோதை என்றால் மாலை. அன்றாடம் கை ஓயாமல் அவர் கட்டிய மாலை. தாயாரின் அவதாரம் என்று வைணவப் பெரியவர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள், நான் மறுக்கவில்லை. எனக்குத் தெரிவது, நந்தவனத்தில் குனிந்து நின்ற ஒரு கிழவர், கையில் இருந்ததன் பேரையே பிள்ளைக்கும் வைத்தார் என்பது. சனகர் உழுத சாலில் கிடைத்தவளுக்குச் சீதை என்று பேர். சீதை என்றாலே உழவுசால்தான். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் வேடர் தலைவன் நம்பிக்கு அகப்பட்டவள் வள்ளி. நாம் கும்பிடும் இந்தப் பெண்களின் பெயரில் வருங்காலத்துக்கான ஆசை எதுவும் இல்லை. இன்ன இடத்தில், இன்ன வேலையாக இருந்தபோது எனக்குக் கிடைத்தாய் என்ற திகைப்பு மட்டும் இருக்கிறது.

அந்த வரிசையில் நானும் ஒருத்தி. எனக்கு முன்னால் அம்மாவுக்குப் பிறந்தவை தங்கவில்லை. நான் பிறந்ததும் ஒரு முறத்தில் வைத்துக் கொல்லைக் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், ஏதோ தற்செயலாக வந்தவர் போல, "இதென்ன, யாரோ பிள்ளையைப் போட்டுட்டுப் போயிருக்காங்க" என்று எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அம்மா அவரிடம் தவிடு கொடுத்து என்னை விலைக்கு வாங்கினாள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நம்ப வேண்டும். பேரும் அதற்கேற்ப இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் உள்ள குப்புசாமி, பிச்சை, தவிடன் எல்லாரும் இப்படி எமனுக்குச் சொன்ன பொய்கள்தான். என் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் குப்பையைப் பார்த்தார்கள். நான் கேட்பது, நடுங்கிக்கொண்டிருந்த ஒரு தாயின் குரல். அதை அரசிதழில் விளம்பரம் கொடுத்தா மாற்றுவது?

ஆனால் 'வேண்டாம்' என்று பெண்ணுக்குப் பேர் வைப்பது வேறு. திருத்தணிப் பக்கம் அப்படிப் பேருள்ள பெண்கள் உண்டு. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைப்பது. போதும்பொண்ணு என்று எங்கள் பக்கம் உண்டு. மகாராஷ்டிரத்தில் இதே வகையில் 'நகுசா' என்ற பெயர். 2011இல் சதாரா மாவட்டத்தில் 285 பெண்களை ஒரே விழாவில் கூட்டி வேறு பெயர் சூட்டினார்கள். குப்பம்மாளும் வேண்டாமும் கேட்க ஒன்றுபோல இருக்கலாம். ஒன்று பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வைத்தது, மற்றது பிள்ளை பெண்ணாகிவிட்டதே என்று வைத்தது. பாபகன் கதை சொல்வது போல, அந்தப் பெயரால் அவள் தலைவிதி மாறிவிடாதுதான். ஆனால் அவளைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் வீட்டார் தங்கள் மனதை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் படித்த பேர் சூட்டு விழாக்களில் சிலப்பதிகாரத்தில் வருவதே எனக்கு உசத்தி. மாதவியின் பெண்ணுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கணிகையர் கூடிப் பேசும்போது, கோவலன் பழைய கதை ஒன்றைச் சொல்கிறான். அவன் முன்னோன் ஒருவன் கப்பல் கவிழ்ந்து நடுக்கடலில் தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் வந்து காத்ததாம். அந்தப் பெயரை வையுங்கள் என்கிறான். மேகலை என்றால் இடையணி, மணி என்றால் இன்னது என்றெல்லாம் அவன் பொருள் பார்க்கவில்லை. பட்ட கடனை நினைத்தான். பிறகு வந்த மணிமேகலைக் காப்பியத்தில் உதயகுமரன் அந்தப் பெண்ணை விடாமல் சுற்றும்போது, அதே தெய்வம் வந்து அவளைத் தூக்கத்திலேயே எடுத்து மணிபல்லவத்தில் விடுகிறது. பெயருக்குச் சக்தி உண்டு என்பார் இதைக் காட்டலாம். என்றோ நன்றி சொன்னவர்கள் வீட்டுப் பிள்ளையைத் தெய்வம் அடையாளம் கண்டுகொண்டது என்று நான் வாசிக்கிறேன்.

இதற்கிடையில் நட்சத்திரம். குழந்தைக்குத் திருவாதிரை மூன்றாம் பாதம். 27 நட்சத்திரம், பாதத்துக்கு ஓர் எழுத்தாக 108. அதில் இவளுக்கு விழுந்தது 'ங'. நன்னூலார் பெரிய மனது பண்ணி இந்த எழுத்தைச் சொல்லின் முதலில் அனுமதித்திருக்கிறார். அதுவும் 'அங்ஙனம்' போன்றவற்றுக்காக. பிள்ளைக்கு அங்ஙனம் என்றா வைப்பது? 'க'வில் வைத்தால் போதும் என்று ஜோசியரே இறங்கிவந்துவிட்டார். எண்கணிதக்காரர் இறங்கவில்லை. எந்தப் பெயரானாலும் ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் ஓர் 'எச்' சேர்க்கவேண்டும் என்கிறார். கிரகங்கள் ஆங்கிலம் படித்தது எப்போது என்று அவரிடம் கேட்க நினைத்தேன், தம்பி முறைத்தான்.

நான் வள்ளி என்று சொல்லியிருக்கிறேன். முருகனுக்காக அல்ல, கிழங்குக் குழிக்காகவும் அல்ல. குப்பைமேட்டிலிருந்து என்னைத் தூக்கிய அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அதுதான் பெயர். அவருக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெயரை எடுத்துச் செல்ல ஆளில்லை. மருமகள் கதை முழுவதையும் கேட்டாள். "மூணே எழுத்து, நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய பேரு அத்தை" என்றாள். 'ஆ'வில் ஒன்று அவள் மனதில் உட்கார்ந்திருக்கிறது, தெரிகிறது. அவசரமில்லை. பிறப்பை 21 நாளைக்குள் பதிந்தாகிவிட்டது. பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், தாமதக் கட்டணம் கட்டினால் 15 வருடம் வரைகூட இடமுண்டு. எதை வைத்தாலும் பேர் சூட்டும் நாளில் காதில் மூன்று முறை சொல்ல வருகிறேன் என்றேன். அந்த 'எச்' மட்டும் வேண்டாம்.