திருந்திய வித்தைக்காரரும் தீராத கடனும்

ஏமாற்றிப் பிழைத்த ஒருவர் பின்னாளில் நேர்மையான தொழிலுக்கு வந்துவிட்டால், அவர் முன்பு செய்தவை தீர்ந்துவிடுமா? கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு இது ஒரு பேரேட்டுக் கேள்வியாகவே தோன்றுகின்றது. ஒருவரிடம் பட்ட கடனை இன்னொருவரிடம் கொடுத்துத் தீர்க்க முடியாது என்பது எமது தொழிலின் அரிச்சுவடி. மனித வாழ்வில் இவ்விதி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை ஹரி ஹூடினி என்ற வித்தைக்காரரின் வாழ்க்கையைக் கொண்டு சிந்திக்க விரும்புகின்றோம்.

விலங்குகளையும் பூட்டுகளையும் கழற்றிக்கொண்டு வெளியே வருபவர் என்றே ஹூடினியை எம்மிற் பலர் அறிவர். அவர் 1874 இல் புடாபெஸ்ட் நகரில் யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்து, நான்கு வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். புகழ் வருமுன்னர், 1897-98 காலப்பகுதியில், அவரும் மனைவி பெஸ்ஸும் கன்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராக மருந்து விற்றுத் திரிந்த ஒரு குழுவுடன் சேர்ந்திருந்தனர். சனத்தைச் சேர்ப்பதற்காக, இறந்தவர்களின் ஆவியுடன் பேசுவதாகக் கூறி இருவரும் மேடையேறினர். முன்கூட்டியே அவ்வூர்ச் சேமக்காலைக்குச் சென்று கல்லறைகளிலுள்ள பெயர்களைப் பார்த்து வைப்பார். ஊர் விவரம் தெரிந்தவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். பின்னர் அதே பெயர்கள் மேடையில் "ஆவி"யின் செய்தியாக வெளிவரும்.

இத்தம்பதியரிடம் மனத்தை அறியும் வித்தை ஒன்றும் இருந்தது. 1 முதல் 10 வரையான ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லை இருவரும் மனனஞ் செய்திருந்தனர். "பிரே" என்றால் 1, "ஆன்சர்" என்றால் 2, "டெல்" என்றால் 5. ஒருவர் கேட்கும் கேள்வியின் சொற்களிலேயே மற்றவருக்கான விடை ஒளிந்திருக்கும். சபையோர் கைதட்டுவர். இங்கும் ஏமாற்று உண்டு. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே, "எம்மை மயக்கிக் காட்டுங்கள்" என்று சபையோர் சம்மதம் கொடுத்துவிடுகின்றனர். ஆவியின் பெயரால் அழுத தாய் அப்படியொரு சம்மதத்தைக் கொடுக்கவில்லை. வித்தை ஒன்றாக இருந்தாலும், ஒன்று கேளிக்கை, மற்றையது களவு.

ஹூடினிக்கு இது புரிந்தது எப்போது? 1913 இல் அவரின் அன்னை காலமானார். தமக்கே அத்தகைய துயரம் வந்தபோதுதான், இளமையில் விளையாட்டாகச் செய்தது குற்றத்தின் எல்லையைத் தொட்ட செயல் என்று உணர்ந்ததாக 1924 இல் வெளியிட்ட தமது நூலில் அவரே எழுதினார்.

முதலாம் உலகப் போரில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் அக்காலத்தில் ஆவிகளுடன் பேசுவோரை நாடிச் சென்றனர். ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய சேர் ஆர்தர் கொனன் டொயிலும் 1918 இல் மகனை இழந்தவர். ஆவியுலகை முழுமையாக நம்பியவர். 1922 இல் அவரின் மனைவி, ஹூடினியின் அன்னையிடமிருந்து வந்த செய்தி என்று பல பக்கங்களை எழுதிக் கொடுத்தார். செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. தாளின் தலைப்பில் சிலுவைக் குறி இருந்தது. ஹூடினியின் அன்னையோ ஆங்கிலம் எழுதத் தெரியாதவர், யூத மதகுருவின் மனைவி. டொயில் அம்மையார் வஞ்சகர் அல்லர், நம்பியே எழுதினார். அந்த ஆறுதலையும் ஹூடினியால் ஏற்க முடியவில்லை.

பாம்பின் கால் பாம்பறியும் என்பது போல, அதன்பின் அவர் போலிகளின் கூட்டங்களுக்கு மாறுவேடத்திற் சென்று அவர்களின் தந்திரங்களை மேடையில் விளக்கிக் காட்டினார். 1926 இல், வாஷிங்டன் நகரில் பணம் வாங்கிக் குறி சொல்வதைத் தடைசெய்யும் சட்டமூலத்துக்காக அமெரிக்கக் கொங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்தார். சட்டமூலம் நிறைவேறவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கன்சாஸில் அழுத தாய்மாருக்கு ஹூடினி எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் பின்னர் காப்பாற்றியவர்கள் வேறு ஆட்கள். ஆகவே கடன் தீர்ந்தது என்று எழுத எமது கை வராது. அறவிடமுடியாக் கடன் என்று தள்ளுபடி செய்யும் உரிமை கடன் கொடுத்தவருக்கே உண்டு, பட்டவருக்கு இல்லை. மன்னிப்பும் அப்படித்தான். பட்டவர் செய்யக்கூடியது, கடனை மறைக்காமல் ஆண்டுதோறும் மீதியாகக் கொண்டுசென்று, தம்மாலான வேறு நன்மைகளைச் செய்வதே. ஹூடினி தமது குற்றத்தை அச்சில் எழுதினார். செய்த முறையையும் வெளிப்படுத்தினார். தொழிலை மட்டும் மாற்றிக்கொண்டு பழையதைப் பற்றி வாய் திறக்காதவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இது எம்மைத் தொடும் விடயம். 2009 இல் போர் முடிந்தும், காணாமற்போன பிள்ளையைப் பற்றிய விடை கிடைக்காத குடும்பங்கள் எம்மிடையே உண்டு. சாத்திரம் கேட்டும் மை பார்த்தும் ஆறுதல் தேடுவோரும் உண்டு. "வடக்குத் திசையில், தண்ணீருக்கு அருகே, உயிருடன் இருக்கிறார்" என்று ஒருவர் பொதுப்படச் சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்ப்பார். முகம் மலர்ந்தால் அதையே பெருப்பிப்பார். வாடினால் பேச்சை மாற்றுவார். மிச்ச விவரங்களைத் தாயே தன்னையறியாமற் கொடுத்துவிடுவாள்.

"ஆறுதல்தானே, அதிலென்ன பிழை?" என்று கேட்கலாம். எளிதில் ஒதுக்கக்கூடிய கேள்வியன்று. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் அத்தாய் இன்னும் பத்து வருடம் வாசலைப் பார்த்திருப்பாள். மகன் இருக்கிறான் என்று நம்புவது அவளின் உரிமை. அந்த நம்பிக்கையை விலைக்கு விற்க எவருக்கும் உரிமையில்லை.

ஹூடினி 1926 ஒக்டோபர் 31 இல் இறந்தார். இறந்தபின் பேச முடிந்தால் தமது பழைய எண் சொற்களில் செய்தி அனுப்புவதென்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தனர். பெஸ் பத்து வருடம் காத்திருந்தார். 1936 இல், அவர் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி விளக்கை அணைத்தார். விடையின்மையைத் தாங்கிய அப்பெண்மணியின் நேர்மை வணங்கத்தக்கது.

எம் தாய்மார் அதைத் தனியே தாங்க வேண்டியதில்லை. சாத்திரக்காரரிடம் போனவரை நகைப்பதை விட்டு, அவரின் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் கதையைக் கேட்போம். ஏமாந்தவர் வெட்கப்பட எதுவுமில்லை. அந்த வெட்கம் ஏமாற்றியவரின் கணக்கில் எழுதப்பட வேண்டியது. ஏமாற்றியவர் திருந்தி வந்தால் அவரையும் வரவேற்போம். ஆனால் கண்ணீர் மட்டும் போதாது; எப்படி ஏமாற்றினார் என்பதை எம் பிள்ளைகளுக்கு அவர் வாயாற் சொல்லட்டும். கடனை மீட்கத் தொடங்கும் முதற் தவணை அதுவே.