நங்கூரம் எதைப் பற்றுகிறது?



தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே திரிஸ்ரன் டா குன்ஹா என்றொரு எரிமலைத் தீவு உண்டு. மக்கள் வாழும் அடுத்த தீவாகிய சென் ஹெலெனா அங்கிருந்து ஏறத்தாழ 2,400 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. பல நாள் அலைகளோடு போராடிவரும் சிறு பாய்ப்படகின் மாலுமி, 2,062 மீற்றர் உயர்ந்து நிற்கும் அந்த மலையைக் கண்டதும், இனிப் பயமில்லை என்று எண்ணுவது இயல்பே.

ஆனால் அவனுடைய சோதனை அங்கேதான் ஆரம்பமாகிறது. எரிமலைத் தீவு கடலுக்கு மேலே எப்படிச் செங்குத்தாக எழுகிறதோ, அப்படியே கடலுக்குள்ளும் சடுதியாகத் தாழ்கிறது. நங்கூரமிடக்கூடிய ஆழம் கரையோரத்தில் ஒடுங்கிய பகுதியிலேதான் உண்டு. அங்கும் கல்லும் பாறையும் நீண்ட கடற்பாசியும். நங்கூரம் பாறையில் வழுக்கும். அல்லது இடுக்கில் சிக்கி மீளாது. காற்றுத் திசை மாறினாலோ, அடைக்கலமாயிருந்த கரையே படகை மோதி உடைக்கும்.

ஆகவே விவேகமுள்ள மாலுமி மலையின் உயரத்தை நம்புவதில்லை. ஆழத்தை அளக்கிறான், அடியில் மணலா, கல்லா என்று அறிகிறான். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு சங்கிலியாவது விடுகிறான். சங்கிலி குறுகினால் ஒவ்வோர் அலையும் நங்கூரத்தை மேல்நோக்கிப் பிடுங்கிவிடும். சங்கிலி நீண்டு கடலடியில் படுத்துக் கிடந்தாலோ, இழுக்க இழுக்க நங்கூரம் மணலில் ஆழப் புதையும். பின்பு கரையில் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, படகு நகர்கிறதா என்று இரவிலும் விழித்திருந்து பார்க்கிறான்.

எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆறாம் அதிகாரம், நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்கிறது. அது பற்றும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. திரைக்கு அப்பால், யேசு நமக்கு முன்னோடியாகச் சென்ற இடத்திலே அது பற்றுகிறது.

நாமோ கண்ணுக்குத் தெரியும் மலைகளையே தேடுகிறோம். காணி, வீடு, வங்கியிலுள்ள பணம், பிள்ளையின் உத்தியோகம், வெளிநாட்டிலிருக்கும் உறவினரின் உதவி: இவை வேண்டியவைதாம். ஆனால் 1961ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அத்தீவின் எரிமலை குடியிருப்பின் அருகிலேயே வெடித்தது. மக்கள் அனைவரும் வீடுவாசலை விட்டு இங்கிலாந்துக்குச் செல்ல நேர்ந்தது. அசையாது என்று நம்பிய நிலமே அசைந்தது! எனினும் அவர்களுட் பெரும்பாலானோர் 1963இல் திரும்பி வந்து மீண்டும் குடியேறினர். இன்று அச்சிற்றூரில் புனித சூசையப்பரின் பெயரால் கத்தோலிக்க ஆலயமொன்றும் இருக்கிறது.

அன்பான பெற்றோரே, துன்பம் வந்த அன்று மாத்திரம் சொல்லும் செபம் குறுகிய சங்கிலி. நோயோ இழப்போ வந்து ஒருமுறை இழுத்தவுடன் அது நம்பிக்கையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அமைதியான நாட்களில் குடும்பமாகக் கூடிச் சொல்லும் செபமாலையும், தவறாது காணும் ஞாயிறு பூசையும், பகைத்தவரோடு ஒப்புரவாகும் மனமும் அச்சங்கிலியை வளையம் வளையமாக நீட்டுகின்றன. அப்போது துன்பம் இழுக்கும்போதெல்லாம் நம்பிக்கை கடவுளில் இன்னும் ஆழமாய்ப் பதியும்.

நங்கூரமிட்ட படகும் ஆடத்தான் செய்யும். உங்கள் குடும்பம் இன்று ஆட்டங்காண்கிறதென்றால், கடவுள் கைவிட்டார் என்று எண்ணவேண்டாம். இன்றிரவு விளக்கைச் சுற்றிப் பிள்ளைகளோடு முழந்தாளிடுங்கள். சங்கிலியை இன்னும் சற்று நீள விடுங்கள். ஆண்டவர் உங்களைக் காப்பாராக.